கோவளம் என்று எழுதிய சீட்டு

கடலுக்குப் போவது என்று முடிவாகிவிட்டது. எந்தக் கடற்கரைக்கு என்பதுதான் முடிவாகவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு வேன் வந்து நிற்கும். சாயங்காலத்துக்குள் டிரைவரிடம் இடத்தைச் சொல்லியாக வேண்டும்.

மண்ணூர்ப் பக்கம் இருந்த அந்தக் கம்பெனியில் காருக்கு வேண்டிய தகரச் சாமான்களை பிரஸ்ஸில் வைத்து அடித்தார்கள். வருஷம் முழுக்க மூன்று ஷிப்டும் மெஷின்கள் அடித்துக்கொண்டே இருக்கும். ஆயுத பூஜை அன்று மட்டும் மத்தியானத்தோடு நிறுத்தி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைப்பார்கள். பூஜை போட்ட மெஷினை மறுநாள் முழுக்க யாரும் தொடக்கூடாது. எந்த ஆர்டர் தலைபோகிற அவசரமாக இருந்தாலும் அந்த ஒரு நாள் மெஷினுக்கு ஓய்வு. மெஷினுக்கு ஓய்வு என்றால்தான் மனுஷனுக்கும் ஓய்வு. அந்த நாளில்தான் பிரஸ் ஷாப் ஆட்கள் சேர்ந்து எங்காவது போய் வருவார்கள்.

பூஜை முடிந்திருந்தது. பொரியும் கடலையும் கொறித்துக்கொண்டு பதினேழு பேர் கேண்டீன் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மெரினாவுக்கே போலாம்பா. சுண்டல் கீது, மாங்கா கீது, பஜ்ஜி கீது" என்றான் எல்லப்பன். உள்ளூர்க்காரன். வாய் சும்மா இருக்காது.

"மெரினாவுல தண்ணிகிட்ட போய்ச் சேர்றதுக்குள்ள இடுப்பு வுட்டுப்பூடும்டா" என்றாள் செங்கமலம். பேக்கிங்கில் வேலை. இருக்கிறவர்களில் மூத்தவள். அவளைச் சூப்பர்வைசரே "வாங்க போங்க" என்றுதான் பேசுவார்.

"அப்ப உன் இடுப்புக்குன்னு மணல்ல ஒரு பஸ்ஸு வுடச் சொல்லட்டுமா யக்கா?"

"போடா கஸ்மாலம்."

அந்தோணிராஜ் நாங்குநேரிப் பக்கத்துப் பையன். லைன் லீடர். "பெசன்ட் நகர் போவோம்க்கா. மாதா கோயிலையும் கும்பிட்ட மாரி இருக்கும்லா" என்றான்.

"மாதாவ கும்பிடவா போற நீ? ஜோடி ஜோடியா குந்திக்கினு இருக்குமே, அதுங்களக் கும்பிடப் போற."

எல்லாரும் சிரித்தார்கள். பழவேற்காட்டில் படகு இருக்கிறது என்றான் ஒருவன். போய்ச் சேரவே மத்தியானமாகிவிடும், வேனுக்குள்ளேயே சோறு தின்று வேனுக்குள்ளேயே தூங்கித் திரும்ப வேண்டியதுதான் என்றான் இன்னொருவன். எண்ணூர் என்றது ஒரு குரல். அந்தப் புகைக்கு நம்ம பெயிண்ட் பூத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளலாமே என்று வந்தது பதில். மகாபலிபுரம் என்றதற்கு, கல்லைப் பார்க்கவா கடலுக்குப் போவார்கள், பல்லாவரத்தில் இல்லாத கல்லா என்று கேட்டான் எல்லப்பன்.

பெசன்ட் நகருக்கும் மகாபலிபுரத்துக்கும் நடுவில் இன்னொரு கடற்கரை உண்டு. மெரினா அளவுக்குக் கூட்டமும் இருக்காது. அதன் பெயரை யாரும் சொல்லவில்லை. இருட்டிலும் பள்ளம் தெரிந்த சைக்கிள்காரன் அந்த இடம் வந்ததும் தானாக வளைத்துப் போவதுபோல, பேச்சு அங்கே வந்ததும் வளைந்து போனது. வளைகிறபோதெல்லாம் யாராவது ஒருவரின் கண், ஓரத்தில் காலிப் பெட்டிமேல் டீயை வைத்துக்கொண்டிருந்த கொம்பையாவைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

கொம்பையாவுக்கு அது தெரிந்தேதான் இருந்தது. டீயில் ஆடை கட்டிவிட்டது. அவன் குடிக்கவில்லை.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் இவர்கள் கோவளத்துக்குத்தான் போனார்கள். கொம்பையாவின் தம்பி இசக்கிபாண்டியும் போனான். அண்ணனுக்கும் தம்பிக்கும் பதினான்கு வயது வித்தியாசம். கழுகுமலைப் பக்கத்தில் மழை பொய்த்து, தீப்பெட்டி ஆபீசும் படுத்துவிட்ட வருஷத்தில் தம்பிதான் முதலில் இங்கே வந்தான். ஆறு மாசம் கழித்து, "அங்க கெடந்து என்ன செய்யப் போற, வா" என்று அண்ணனையும் கூப்பிட்டு, காண்ட்ராக்ட்காரரிடம் சொல்லி லோடிங்கில் சேர்த்துவிட்டான். மண்ணூரில் ஒரே அறையில் இருந்தார்கள்.

மெஷின் நின்றாலும் லாரி நிற்காது. லோடு ஏற்ற மெஷின் வேண்டாம், ஆள் இருந்தால் போதும். போன வருஷம் அந்த நாளில் ஒரு லோடு இருந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேரில் ஒருவராவது இருந்தே ஆகவேண்டும் என்றார்கள். "நீ போயிட்டு வால. கடலப் பாத்து நான் என்ன செய்யப் போறேன்" என்று தம்பியை அனுப்பியவன் கொம்பையாதான். சாயங்காலம் நாலு மணிக்கு வாட்ச்மேன் ஓடி வந்து போன் என்றான். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி, போலீஸ் கையெழுத்து, ராத்திரி முழுக்க ஊருக்கு வண்டி, காடு, பதினாறு. பதினேழாம் நாள் கொம்பையா மறுபடி கம்பெனி பஸ்ஸில் ஏறி வேலைக்கு வந்தான்.

அவன் அழவில்லை. அடக்கிக்கொள்ளவும் இல்லை, வரவில்லை, அவ்வளவுதான். "கல்லு மாரி நிக்கான் பாரு" என்று ஊரில் பெண்கள் சொன்னது அவன் காதிலும் விழுந்தது. ஷிப்டுக்குப் போனான். வந்தான். ஒருத்தனுக்கு மட்டும் உலை வைத்தான். தூங்கினான். கை மரத்துப்போனால் உதறி உதறிச் சரிசெய்துவிடலாம். உள்ளே மரத்துப்போனதை எதைப் பிடித்து உதறுவது?

இந்த ஒரு வருஷத்தில் அவனுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. தம்பி போன இடத்தைப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கிடந்ததைப் பார்த்தான், ஊரில் எரிந்ததைப் பார்த்தான். இந்த இடத்திலிருந்துதான் போனான் என்ற அந்த இடத்தை மட்டும் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன ஆகும் என்று அவனுக்கே தெரியாது. பார்க்க வேண்டும்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கிளம்பி வண்டலூர் போய், பஸ் மாறிக் கேளம்பாக்கத்தில் இறங்கி, அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பினான். கரை மைல் கணக்கில் கிடக்கிறது. யாரிடம் போய் என்னவென்று கேட்பது? இடம் தெரிந்தவன் ஒருவன்தான். கன்னியப்பன்.

கன்னியப்பன் மண்ணூர்க்காரன். இசக்கிபாண்டியோடு ஒரே பிரஸ்ஸில் எதிரெதிராக நின்று வேலை பார்த்தவன். அன்றைக்கு மற்றவர்கள் சவுக்குத் தோப்பில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவனும் இசக்கிபாண்டியும் மட்டும்தான் தண்ணீருக்குப் போனார்கள். அதற்குப் பிறகு அவன் கொம்பையாவின் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. கொம்பையாவுக்குக் காலை ஷிப்ட் என்றால் அவன் நைட் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொள்வான். ஒரு தடவை சைக்கிள் ஸ்டாண்டில் மடக்கிக் கேட்டதற்கு, "தம் அடிச்சிட்டு வந்துர்றேண்ணா" என்று போனவன் வரவேயில்லை. இப்போது மறைமலை நகரில் அவனுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. மாதம் பிறந்தால் அங்கே போய்விடுவான்.

ஆக, கன்னியப்பன் ஏறிய வேன் கோவளத்தில் நிற்பதென்றால் அது நாளைக்கு ஒருநாள்தான்.

வாய்விட்டுச் சொல்லிவிட்டால் என்ன? சொன்னால் எல்லாரும் எழுந்து வருவார்கள். தோளைத் தட்டுவார்கள். "வேணாண்ணே, மனசக் கெடுத்துக்காத" என்பார்கள். அந்தத் தட்டலுக்குப் பயந்தே கொம்பையா ஒரு வருஷமாக வாயைத் திறக்கவில்லை.

பேச்சு முடிவதாக இல்லை. உள்ளூர்க்காரர்கள் மெரினா என்றால் தெற்கத்திப் பையன்கள் வேண்டுமென்றே வேறு ஒன்றைச் சொன்னார்கள். கடைசியில் அந்தோணிராஜ் எழுந்து, சீட்டுப் போட்டுவிடலாம் என்றான். கெட்டுப்போன சாமானில் கட்டித் தொங்கவிடும் சிவப்பு அட்டைச் சீட்டு ஒரு கட்டு கொண்டுவந்தான். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். ஆளுக்கொன்று கொடுத்தான்.

"எடத்த மட்டும் எழுதுங்க. ஆரும் பேரு போட வேண்டாம். பொறவு அவன் இவனுக்குப் போட்டான், இவன் அவனுக்குப் போடலன்னு பேச்சு வரப்பிடாது."

கொம்பையா சீட்டைத் தொடைமேல் வைத்து எழுதினான். கோ. வ. ள. ம். நாலே எழுத்து. மடித்து, சுற்றி வந்த ஹெல்மெட்டுக்குள் போட்டான்.

அந்தோணிராஜ் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தான். மெரினா. மெரினா. மகாபலிபுரம். பெசன்ட் நகர். மகாபலிபுரம். மகாபலிபுரம். அடுத்ததைப் பிரித்தவன் படிக்காமல் நின்றான். மடித்துச் சட்டைப் பைக்குள் போடப் போனான்.

"இன்னாடா முழிக்கிற? படி" என்றாள் செங்கமலம்.

"ஒண்ணுமில்லக்கா. வெறுஞ்சீட்டு."

"வெறுஞ்சீட்டுக்கு இன்னாத்துக்குடா ஜோபி? காட்டு" என்று எல்லப்பன் பிடுங்கினான். பிடுங்கிய வேகத்தில் உரக்கப் படித்துவிட்டான். "கோவளம்."

படித்த பிறகுதான் எல்லப்பனுக்கே என்ன படித்தோம் என்று உறைத்தது.

பின்பெஞ்சியிலிருந்து கன்னியப்பன் எழுந்து வந்தான். வந்த வேகத்தில் எல்லப்பனின் சட்டைக் காலரைப் பிடித்தான். "இன்னாடா நக்கலா? அந்தாள வெச்சிக்கினு எழுதிப் போட்டு, நீயே படிக்கறியா?"

"டேய், நான் எழுதலடா! கைய எடு!"

"நீதான்டா. போன வாரம் ஃபேனுக்காவ அந்தாளோட மல்லுக்கு நின்னவன் நீதான். வேற எவனுக்கு இந்தப் புத்தி வரும்?"

"ஃபேனுக்கு சண்ட போட்டா சாவுல போயி வெளையாடுவனா? ஏன்டா, மனுசன்தானா நான்?"

ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். சத்தம் கேட்டு சூப்பர்வைசர் ராஜசேகர் நெற்றியில் விபூதியோடு ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது. "பூஜை நாளும் அதுவுமா இப்படி ஒரு வேலையா? போன வருஷம் நான் ஸ்டேஷனுக்கும் ஆபீசுக்கும் அலைஞ்சது போதாதா? ஒண்ணும் வேணாம். வேனை கேன்சல் பண்ணிடறேன். அவனவன் வீட்ல கிடங்க."

கொம்பையா பெட்டியைவிட்டு எழுந்து நின்றிருந்தான். 'நான்தான்' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நாக்கு வாய்க்குள் யாருடையதோ போலக் கிடந்தது.

"வேன் கெடக்கட்டும் சார்" என்றான் எல்லப்பன். அவன் குரல் உடைந்துவிட்டது. எப்போதும் சிரிக்கிற முகம் அப்படி ஆனதை யாரும் பார்த்ததில்லை. "எம்மேல பேர் வந்துட்ச்சி. இதோட நான் வூட்டுக்குப் போவ மாட்டேன். யக்கா, கற்பூரத்த எடு."

வாசலை ஒட்டியிருந்த பெரிய பிரஸ்ஸுக்குப் போனான். மெஷினின் மேடைமேல் வாழையிலையும் எலுமிச்சம்பழமும் தட்டும் அப்படியே இருந்தன. தட்டில் நாலு வில்லை கற்பூரத்தைப் போட்டு அவனே கொளுத்தினான். கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. பொய்ச் சத்தியம் என்றால் குடும்பம் விளங்காது. அதனால் அதை யாரும் விளையாட்டுக்குச் செய்வதில்லை.

செங்கமலம் ஓடிப் போய் அவன் முழங்கையைப் பிடித்தாள். "டேய், வேணாம்டா. வூட்ல பொண்டாட்டி புள்ளத்தாச்சியா கீறா. மெய்ச் சத்தியமா இருந்தாலும் இப்ப வேணாம்டா."

"வுடு யக்கா. அவ வயித்துல கீற புள்ள மேலயே சொல்றேன்."

அவன் உள்ளங்கையைத் தூக்கினான்.

"எல்லப்பா." கொம்பையாவின் குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. "கைய எடு. எழுதுனது நான்."

யாரும் நம்பவில்லை. சண்டையை நிறுத்தச் சொல்கிறான் என்றுதான் நினைத்தார்கள். "நீ சும்மா இருண்ணே, உனக்கு எதுக்கு" என்றுகூட ஒருவன் சொன்னான்.

கொம்பையா நடந்து போய் எல்லப்பன் கையைக் கீழே இறக்கிவிட்டான். "சத்தியம்தான வேணும்? நான் அடிக்கேன்" என்று எரிகிற கற்பூரத்தின்மேல் தன் உள்ளங்கையை வைத்து அமுக்கினான். எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்கவில்லை. செங்கமலம்தான் பிடித்து இழுத்தாள். சுட்டிருக்க வேண்டும். அவனுக்குத் தெரியவில்லை.

"இன்னாத்துக்குயா?" என்றாள் அவள் மெதுவாக.

"எடத்தப் பாக்கணும். ஒரு வருசமாச்சு. எந்த எடம்னு எனக்குத் தெரியாது. கன்னியப்பனுக்குத்தான் தெரியும்."

எல்லாரும் கன்னியப்பனைப் பார்த்தார்கள். அவன் வாழைக்கன்றைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ராஜசேகர் தொண்டையைச் செருமினார். "கொம்பையா, உங்க கஷ்டம் புரியுது. ஆனா கோவளம்னு பேப்பர்ல எழுதி நான் கையெழுத்து போட முடியாது. மேல கேப்பாங்க. மகாபலிபுரம் போங்க. அதுவும் யாரும் தண்ணியில இறங்கக் கூடாது."

கொம்பையா தலையாட்டினான். சரி, இல்லை என்றால் இல்லை. இந்த ஒரு வருஷத்தில் எதற்கும் அவன் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தான். திரும்பிப் பெட்டிப் பக்கம் நடந்தான்.

"சார்" என்றான் எல்லப்பன். சட்டைக் காலர் கிழிந்து தொங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டான். "மாபலிபுரம் எந்தப் பக்கம் சார் போறது?"

"ஏன், கேளம்பாக்கம் போய் ஈசிஆர் புடிச்சி..."

"அப்ப கோவளம் வழியிலதான சார் கீது. போற வழியில டீக்கு வண்டி நிக்காதா? டீ குடிக்கறதுக்குக்கூட பேப்பர்ல கையெழுத்து போடணுமா சார்?"

ராஜசேகர் கையிலிருந்த போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "காலையில ஆறு மணிக்கு எல்லாரும் கரெக்டா வந்துடுங்க" என்று திரும்பி நடந்தார். எல்லப்பன் கொம்பையாவைப் பார்த்து, "உனக்கோசரம் இல்லண்ணா. ஃபேன் சண்டையில எம்மேலதான் தப்பு, அதுக்கு" என்றான்.

மறுநாள் ஆறு மணிக்கு வேன் வந்தது. ஆறே காலாகியும் கன்னியப்பனைக் காணவில்லை. அந்தோணிராஜ் அவன் வீட்டுக்கே போய், கால்சட்டை மாட்டவும் நேரம் கொடுக்காமல் லுங்கியோடு கூட்டிவந்தான். கன்னியப்பன் கதவுக்குப் பக்கத்து ஒற்றை சீட்டில் ஏறி உட்கார்ந்து, முகத்தை வெளியே வைத்துக்கொண்டான்.

ஒரகடம் கூட்டுரோடு, படப்பை, வண்டலூர். வானம் மூடிக் கிடந்தது. டிரைவர் போட்ட பாட்டை செங்கமலம் நிறுத்தச் சொன்னாள். "ஓடட்டும்க்கா" என்றான் கொம்பையா. பாட்டு ஓடியது. யாரும் சேர்ந்து பாடவில்லை, கை தட்டவில்லை. கம்பெனி பஸ்ஸில் போவதுபோலவே ஒவ்வொருவராகத் தலை சாய்ந்து தூங்கிப்போனார்கள்.

கோவளத்தில் வேன் நின்றதும், பொறுப்புக்குக் கூடவே வந்திருந்த ராஜசேகர் கடிகாரத்தைப் பார்த்தார். "இருபது நிமிஷம்" என்றார். அவரும் கடல் பக்கம் பார்க்கவில்லை. டீக்கடைப் பக்கம் பார்த்தார். மற்றவர்கள் வேனை ஒட்டி அப்படியே நின்றார்கள். கொம்பையா கன்னியப்பனின் சீட்டருகே வந்து நின்றான். கன்னியப்பன் இறங்கி முன்னால் நடந்தான்.

சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் கடல். சாம்பல் நிறமாக இருந்தது. ஒரே அளவில் வந்து, ஒரே சத்தத்தில் விழுந்து, திரும்பிப் போனது. கரை நெடுக மீன் படகுகள் ஏற்றி வைத்திருந்தார்கள்.

"இங்க ஒரு படகு கவுத்து வெச்சிருந்தாங்கண்ணா" என்றான் கன்னியப்பன். ஒரு வருஷத்தில் அவன் கொம்பையாவோடு பேசிய முதல் பேச்சு அது. "நீலப் படகு. அதும் மேலதான் சட்டயக் கழட்டிப் போட்டான்."

அங்கே ஆறேழு நீலப் படகுகள் இருந்தன. கன்னியப்பன் ஒன்றிடம் போய் நின்றான். திரும்பிச் சவுக்கைப் பார்த்தான். "இது இல்ல. அந்தாண்ட" என்று அடுத்ததற்குப் போனான். அங்கேயும் நின்று பார்த்துவிட்டு மறுபடி வந்தான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக நடந்தான், பிறகு ஓடினான். "ஒரு மேடு இருந்திச்சிண்ணா. மேட்ல நின்னு பாத்தா கோயில் கோபுரம் நேராத் தெரியும். தோ, இங்கதான... இல்ல..."

வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் போய்க் கேட்டான். அவர் ஊசியை நிறுத்தாமலே பதில் சொன்னார்.

"போன வருசக் கரையா? அது இப்ப எங்க இருக்கு? மழக்காலம் ஒண்ணு வந்து போனா கரை எடம் மாறிடும்பா. ஒரு பக்கம் தின்னும், ஒரு பக்கம் கக்கும். தோ, நீ நிக்கறியே, போன வருசம் அது தண்ணி."

கன்னியப்பன் தன் காலடியைப் பார்த்தான். காய்ந்த மணல். ஒரு பொரி உருண்டைக் காகிதமும் நண்டு வளையும் இருந்தன. அவன் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"கெணத்துல நீந்தனவன்தான், பயப்படாதன்னாண்ணா. நானும் இடுப்பு வரைக்கும் எறங்கனேன். ஒரு அலை வந்து பொரட்டிப் போட்டுச்சி. எழுந்து பாத்தா நான் மட்டும் நிக்கறேன். முழுகிக்கினு வெளையாட்டுக் காட்டறான்னு நெனச்சேன். சிரிச்சேண்ணா. எவ்ளோ நேரம்னு தெரியல. சிரிச்சிக்கினே நின்னேன்."

கொம்பையா நின்றபடியே கேட்டான். அவனுக்குள் எதுவும் அசையவில்லை. அடுத்து என்ன என்பதுபோல நின்றான்.

"அது மட்டும் இல்லண்ணா" என்றான் கன்னியப்பன். "போன வருசம் சீட்டு இல்ல, கை தூக்கறதுதான். மெரினாவுக்கு எட்டு கை. கோவளத்துக்கு எட்டு கை. கோவளம்னு சொன்னது உன் தம்பி. கூட்டம் இல்லாம குளிக்கலாம்னான். நான் எதுக்கும் தூக்காம நின்னேன். 'தூக்குல'ன்னு என் விலாவுல குத்தனான். தூக்கனேன். அந்தக் கை தூக்காம இருந்திருந்தா மெரினாண்ணா. மெரினாவுல எவனும் குளிச்சிருக்க மாட்டான். சுண்டல் துன்னுட்டு வூட்டுக்கு வந்திருப்போம்." அவன் முகத்தை லுங்கியால் மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. "அந்தக் கைய வெச்சிக்கினு உன் மூஞ்சிய எப்டிண்ணா பாக்கறது?"

வலை பின்னுகிறவர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

கொம்பையா கன்னியப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். தனக்கும் இப்போது வரும் என்று காத்திருந்தான். காற்று வந்தது, உப்பு வாசனை வந்தது, அலை வந்தது. அது வரவில்லை.

"தூக்குலன்னானா?" என்று கேட்டான்.

"ஆமாண்ணா."

"அவன் அப்படித்தான் குத்துவான். வலிக்கும்."

கன்னியப்பன் லுங்கியை விலக்கிப் பார்த்தான்.

"எவனாவது ஒருத்தன் கை தூக்கித்தானல ஆகணும்" என்றான் கொம்பையா. "தூக்கலன்னா பொழுதுக்கும் பேசிக்கிட்டே கெடப்பீங்க. நான்கூடத்தான் நீ போயிட்டு வான்னேன். அதுக்கு என்ன செய்ய?" சொல்லிவிட்டு எதிரே இருந்த மணலைக் கையால் தட்டிப் பார்த்தான். இறுகிக் கிடந்தது. இதில் ஒரு வருஷத்துக்கு முன்னால் தண்ணீர் நின்றதாம். "இதுதான் எடம்னு வச்சிக்கிடுவோம். இது போதும்."

"இது இல்லண்ணா. இன்னும் கொஞ்சம் தேடனா..."

"போதும்ல."

வேன் ஹாரன் அடித்தது. கொம்பையா எழுந்து கையை நீட்டினான். கன்னியப்பன் அதைப் பிடிக்கத் தயங்கினான். பிடித்ததும் உள்ளங்கையில் கற்பூரம் சுட்ட கொப்புளம் நசுங்கி, கொம்பையா "ஸ்" என்றான்.

"வலிக்குதாண்ணா?"

"வலிக்கி. ஏந்திரி."

வேனை ஒட்டி நின்றவர்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்கள். எல்லப்பன்தான், "இன்னாண்ணா, மாபலிபுரம் போலாமா, இல்ல இப்டியே வூட்டப் பாக்கத் திருப்பட்டுமா?" என்றான். இந்தத் தடவை யாரும் சீட்டு எழுதவில்லை. கை தூக்கவில்லை. எல்லாரும் கொம்பையா சொல்வதற்குக் காத்து நின்றார்கள்.

"போவோம். கல்லப் பாத்துட்டு வருவோம்" என்றான்.

வேன் கிளம்பியது. கன்னியப்பன் பழைய ஒற்றை சீட்டுக்குப் போகப் பார்த்தான். அதில் செங்கமலம் தன் புளிசோற்றுத் தூக்கை வைத்துவிட்டாள். வேறு வழியில்லாமல் கொம்பையாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஜன்னல் பக்கம் கடல் தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. கொம்பையா பார்க்கவில்லை. வயிற்றைப் பிறாண்டியது. நேற்று மத்தியானப் பொரிக்குப் பிறகு ஒன்றும் தின்னவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"யக்கா, சோறு மாபலிபுரத்துலதானா?" என்று கேட்டான்.

செங்கமலம் திரும்பிப் பார்த்தாள். அவன் தானாக எதையும் கேட்டு ஒரு வருஷமாகிறது. தூக்கைத் திறந்து, இலைத் துண்டில் இரண்டு கை அள்ளி வைத்துக் கொடுத்தாள். புளி கொஞ்சம் தூக்கலாக இருந்தது. கொப்புளம் எரிந்தது. கொம்பையா இடது கைக்கு இலையை மாற்றிக்கொண்டு, கன்னியப்பன் பக்கம் பாதியைத் தள்ளினான்.

"தின்னு. வண்டி குலுங்குது, சிந்திரப் போவுது."